பாறை மேல் டவர்

எனக்கு எரிச்சலூட்டிய ஆட்களை வரிசையில் நிறுத்தினால் பசறை பஸ் ஸ்டாண்ட் போதாது. அந்த வரிசையில் முதலில் நிற்பவன் டவர். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, தேயிலைக் கொழுந்துச் சாக்கு சுமந்து, இன்று இரண்டு மரக்கறி லொறி ஓடவிடுகிற என்னையே ஆட்டி வைத்தவன்.

எங்கள் தோட்டத்தில் சிக்னல் கிடையாது. என் கடை வைஃபையில் வாட்ஸ்அப் ஓடும். ஆனால் வாட்ஸ்அப், பேஸ்புக் திறக்கக் கேட்கிற ஆறு இலக்க இரகசிய எண் எஸ்.எம்.எஸ்.ஸில்தான் வரும், அதற்கு சிம்மைப் போட்ட இன்னொரு போன் கோயிலுக்கு மேலே இருக்கும் பாறைக்கு ஏற வேண்டும். தோட்ட வேலையிலிருந்து நின்றுவிட்ட டவர், எல்லார் போனையும் பையில் போட்டுக்கொண்டு காலையிலேயே அங்கே உட்கார்ந்துவிடுவான். எண் வந்தால் பெயரோடு எண்ணையும் சேர்த்துக் கத்துவான், அதனால்தான் டவர் என்ற பெயர். கொழுந்து எடுக்கிறவர்கள், கங்காணி, ரோட்டில் போகிற பஸ், எல்லாருக்கும் கேட்கும்.

ஒருநாள் எவனோ தோட்டப் பள்ளிக்கூட டீச்சரின் பேஸ்புக்கைத் திறக்கத் தட்ட, இவன் மேலிருந்து எண்ணைக் கூவிக் கொடுத்தான். அரை மணியில் டீச்சர் பெயரில் தோட்டத்துத் துரைக்குக் காதல் செய்தி போய்விட்டது. டீச்சர் பாறைக்கு ஏறிப்போய், "நம்பித்தானே குடுத்தேன்," என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினார். அன்றிலிருந்து டவர் பெயரை மட்டுமே கூப்பிடுவான். எண்ணை நாமே ஏறிப்போய்ப் பார்க்க வேண்டும்.

போன மழைக்காலத்தில் கடை லேண்ட்லைனுக்கு ஒரு கோல். வாட்ஸ்அப் கம்பனியாம். போனுக்கு வந்த எண்ணை உடனே சொல்லாவிட்டால் என் வாட்ஸ்அப் நின்றுவிடுமாம். என் மரக்கறி ஓடர் முழுக்க அதில்தான். ரிசீவரை மேசையில் வைத்துவிட்டு வாசலுக்கு ஓடினேன்.

"டவர், நம்பரைச் சொல்லுடா."

"ஏறி வாங்க மொதலாளி."

"முழங்கால் வலிக்குதுடா. கம்பனிக்காரன் லைன்ல நிக்கிறான்."

"அவனா கேக்குறான்? அப்ப நீங்க ஏறி வந்தாலும் காட்ட மாட்டேன். யாருக்கும் சொல்லாதன்னு இந்த மெசேஜ்லயே போட்டிருக்கு."

என் சிம், என் எண், எனக்கே தடை. கொதித்துப்போய் உள்ளே வந்து, கொஞ்சம் பொறுங்கள் என்றேன். கம்பனிக்காரன் என் அம்மாவை இழுத்துத் திட்டிவிட்டு வைத்தான்.

மறுநாள் தெரிந்தது, டவுனில் உரக்கடைக்காரர் அதே ஆளுக்கு எண்ணைச் சொல்லிவிட்டார் என்று. அவர் பெயரில் ஊரெல்லாம் காசு கேட்டு மெசேஜ் போயிருக்கிறது. மனிதர் கடை திறக்கவில்லை. நான் நாற்பது வருடம் சம்பாதித்த பெயரும் அப்படிப் போயிருக்கும்.

முழங்காலைப் பிடித்துக்கொண்டு பாறைக்கு ஏறினேன். எனக்கு எண் எதுவும் வரவில்லை. சும்மா, அவனுக்கு ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் கொண்டுபோனேன். தின்றுவிட்டு, காரம் பத்தவில்லை என்றான், பாவி.

அடுத்த நாள் மிளகாய் கூட்டி இடித்துக் கொண்டுபோனேன்.