பெருங்காய டப்பாவில் கெட்டிமேளம்

கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டவன் அதை யாரிடமும் சொல்லாமல் சும்மா இருந்ததாகச் சரித்திரமே இல்லை. புதுக் கடுக்கன் போட்டவன் தலையை ஆட்டி ஆட்டிப் பேசுவதுபோல, கேட்டவர் கேட்காதவர் எல்லாரிடமும் சொல்லித் தீர்ப்பான். நான் அதற்கும் ஒரு படி மேலே போனவன். லினக்ஸ் ஓட்டுவதற்கென்றே, உள்ளங்கையில் அடங்குகிற ஒரு கம்ப்யூட்டரை நானே செய்தேன். (உள்ளங்கை என்றால் என் அப்பாவின் உள்ளங்கை. என்னுடையதில் பாதி வெளியே தொங்கும்.)

ஏ.டி.எம். கார்டு அளவில் ஒரு போர்டு, பிஸ்கட் அகலத்துக்கு ஒரு திரை, கட்டைவிரலால் தட்டுகிற குட்டிக் கீபோர்டு, பழைய பவர் பேங்கிலிருந்து பிடுங்கிய பேட்டரி. இத்தனையும் அடங்க ஒரு பெட்டி வேண்டுமே? அம்மா பெருங்காயம் போட்டு வைத்திருந்த பிளாஸ்டிக் டப்பாவைக் கவிழ்த்துக் கழுவி எடுத்துக்கொண்டேன். எத்தனை கழுவினாலும், மெஷின் சூடானால் சாம்பார் வாசனை வரும். பக்கத்து வீட்டு லீலச் சேச்சி மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து, "இந்நும் சாம்பாரா?" என்று மலையாளத்தில் கேட்பாள்.

திரை சின்னது, பேட்டரி தீர்வது கண்ணில் படாது. அதற்கும் ஒரு ஏற்பாடு செய்தேன். பேட்டரி கடைசிக்கு வந்ததும், ஓடிக்கொண்டிருக்கிற மற்ற எல்லாச் சத்தத்தையும் நிறுத்திவிட்டு, முழு வால்யூமில் என் குரலிலேயே அது அலறவேண்டும்: "ஐயோ, உயிர் போறதே! யாராவது காப்பாத்துங்கோ!" சார்ஜரில் செருகும்வரை விடாமல் அலறவேண்டும். பதிவு செய்தபோது, தத்ரூபமாக இருக்கட்டுமென்று என் கழுத்தை நானே நெரித்துக்கொண்டேன். பிரமாதமாக அமைந்தது.

அந்த டப்பாவை ஜிப்பா பையில் போட்டுக்கொண்டுதான் காயத்ரி அக்காவின் கல்யாணத்துக்குப் போனேன். மாப்பிள்ளை ஹரிக்கு வல்லார்பாடத்தில் கண்டெய்னர் இறக்குகிற இடத்தில் என்ஜினீயர் வேலை. ரொம்ப சாது. என்ஜினீயர் என்றதும் எனக்குக் கை பரபரத்தது. விடிந்ததிலிருந்து அவரிடமும் அவர் வீட்டார் ஒவ்வொருவரிடமும் மெஷினை ஓட்டிக் காட்டினேன். அவருடைய சித்தப்பா வெகு கவனமாகப் பார்த்துவிட்டு, மூக்கை உறிஞ்சி, "இலை போட்டாச்சா?" என்று கேட்டார்.

முகூர்த்தத்துக்குக் கொஞ்சம் முன்னால் செய்தி வந்தது. சேர்த்தலைப் பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்த நாதஸ்வர கோஷ்டியின் வேன், பள்ளுருத்தியில் ஒரு பஸ்ஸோடு உரசி, நடுரோட்டில் சண்டை நடக்கிறதாம். முகூர்த்தம் தாண்டாமல் வந்து சேரமாட்டார்கள். கெட்டிமேளம் இல்லாமல் தாலி கட்டுவதா? அந்த நேரத்தில் ஒரு தும்மலோ அபசகுனமான ஒரு சொல்லோ காதில் விழக்கூடாது என்றுதானே அந்தக் கொட்டே! அம்மா அழ ஆரம்பித்தாள். ஏலூர் தொழிற்சாலையில் சைரன் அடித்தாலும் அசையாமல் வேலை பார்த்த அப்பா, அங்கவஸ்திரத்தால் நெற்றியைத் துடைத்துத் துடைத்துச் சிவக்க வைத்தார்.

"ஃபோன்ல போட்டுடலாமே" என்றார் அம்மாவின் தம்பி ராமு மாமா.

"ஃபோன்லயா? தாலி கட்டறச்சே யாராவது கூப்பிட்டா? நடுவுல ஜட்டி விளம்பரம் வந்தா?" என்று நான் பாய்ந்தேன். "என் மெஷின்ல அந்தத் தொந்தரவே கிடையாது. கல்யாண வீடியோவுக்குன்னு மேளம் ரெக்கார்டிங் வெச்சிருக்கேன். லினக்ஸாக்கும் மாமா!"

மைக் செட் சேட்டன் டப்பாவை வாங்கி முகர்ந்து பார்த்தார். "இது ஏதா கம்பனி, மோனே?"

"கம்பனி ஒண்ணுமில்ல சேட்டா. ஞான் தன்னே உண்டாக்கியதா."

அவர் முகத்தில் மரியாதை தெரிந்ததாக அன்று நினைத்தேன். (பயம் என்று இப்போது புரிகிறது.) வயர் கழன்றுவிடக்கூடாது என்று சொல்லி, டப்பாவையும் ஆம்ப்ளிஃபயரையும் சேர்த்துக் கறுப்பு டேப்பால் சுற்றோ சுற்றென்று சுற்ற வைத்தேன். அவர் சுற்றி முடித்துவிட்டு, தாலி கட்டுவதைப் பார்க்க மேடைப் பக்கம் போய்விட்டார்.

அக்கா அப்பாவின் மடியில் உட்கார்ந்தாள். ஹரி தாலியை எடுத்துக்கொண்டு குனிந்தார். வாத்தியார் விரலை உயர்த்தி, "கெட்டிமேளம்! கெட்டிமேளம்!" என்றார். நான் தட்டினேன். மேளம் முழங்கியது. எப்படி என்பதுபோல் ராமு மாமாவைப் பார்த்தேன். அவர் பதிலுக்குத் தலையாட்டுவதற்குள் மேளம் நின்றது. மண்டபத்தின் மூலைக்கு மூலை, ஸ்பீக்கருக்கு ஸ்பீக்கர், ஓர் ஆண்குரல் அலறியது.

"ஐயோ, உயிர் போறதே! யாராவது காப்பாத்துங்கோ!"

ராத்திரி முழுக்க சார்ஜ் போட்டு வைத்ததைக் காலையில் காட்டிக் காட்டியே தீர்த்திருந்தேன்.

குரல் எங்கிருந்து வந்ததென்று யாருக்கும் விளங்கவில்லை. மண்டபமே ஹரியைத்தான் பார்த்தது. அவருடைய சித்தப்பா மேடையில் தாவி ஏறி அவர் தோளைப் பிடித்தார். "ஏண்டா, இஷ்டமில்லேன்னா நிச்சயதார்த்தத்துக்கு முன்னாடியே சொல்லப்படாதா?"

"நான் ஒண்ணுமே சொல்லல சித்தப்பா!"

"ஐயோ, உயிர் போறதே!"

"பாரு, மறுபடியும் சொல்றான்!"

நிறுத்துவதற்கு ஒரு கட்டளை அடித்தால் போதும். சந்தனம் அப்பிய விரலால் அடித்தேன். அப்படி ஒரு கட்டளையே கிடையாது என்றது திரை. மறுபடி அடித்தேன். பாஸ்வேர்டு கேட்டது. (சாகிற நேரத்திலும் லினக்ஸ் முறை தவறாது.) வயரைப் பிடுங்கினேன். டேப் விடவில்லை. ஆம்ப்ளிஃபயரே மேசையை விட்டு இறங்கி என் மடிக்கு வந்துவிட்டது.

"ஐயோ, என்டெ ஆம்ப்ளிஃபயர்!" என்று சேட்டன் ஓடி வந்தார்.

அக்காவைப் பார்த்தேன். குனிந்த தலை, துடிக்கிற உதடு. அதுவரை என் ஆயுளில் அப்படிப் பயந்ததில்லை. என் பவிஷைக் காட்டப் போய் அவள் கல்யாணத்தையே கெடுத்துவிட்டேனே! "அக்கா, நான்தான்! அது என் குரல்தான்!" என்று கத்தினேன்.

அவள் நிமிர்ந்தாள். உதடு துடித்தது சிரிப்பை அடக்கி என்று அப்போதுதான் தெரிந்தது. அப்பாவின் மடியே குலுங்கும்படி சிரித்துக்கொண்டு, "அது அனந்துவோட பெருங்காய டப்பா! நீங்க கட்டுங்கோ!" என்றாள் ஹரியிடம்.

முன்வரிசையில் இருந்த லீலச் சேச்சி எழுந்தாள். கூட வந்த பெண்களைப் பார்த்து, "எந்தா நோக்கி நிக்கணது? குரவையிடடீ!" என்று ஓர் அதட்டல் போட்டுவிட்டு, நாக்கைச் சுழற்றிக் குரவையிட்டாள். எங்கள் அத்தைகளும் சேர்ந்துகொண்டார்கள். அந்தக் குரவையில் என் அலறல் அமுங்கிப் போனது. முடிச்சு விழுந்த கையோடு டப்பா நிஜமாகவே உயிரை விட்டது. நாதஸ்வர கோஷ்டி சரியாகப் பாயசத்துக்கு வந்து சேர்ந்தது.

அபசகுனம் என்று முணுமுணுத்தவர்கள் வெட்கப்படும்படி அக்காவும் அத்திம்பேரும் அமோகமாக இருக்கிறார்கள். ஆனால் அன்றிலிருந்து அக்கா துணிக்கடைக்குக் கூப்பிட்டால் போதும், அத்திம்பேர் கழுத்தைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ, உயிர் போறதே!" என்பார். வீட்டில் யாருடைய ஃபோன் சார்ஜ் இறங்கினாலும் இதே வசனம், என் ராகத்திலேயே.

போன வருஷம் எனக்குக் கல்யாணம். அப்பா நாதஸ்வர கோஷ்டியை முந்தின நாளே கூட்டி வந்து எங்கள் வீட்டிலேயே படுக்க வைத்தார். மேடை ஏறுமுன் ராமு மாமா என் இடுப்பு முழுக்கத் தடவிப் பார்த்து, டப்பா இல்லை என்று உறுதி செய்தார். நான் தாலியை எடுத்துக்கொண்டு குனிந்தேன். மேளம் காதைக் கிழித்தது. எதிரே நின்றிருந்த அத்திம்பேர் மெதுவாகத் தன் கழுத்தைப் பிடித்துக்கொண்டு, வாயைத் திறந்து திறந்து மூடினார். ஒரு சொல்கூட யார் காதிலும் விழவில்லை. மண்டபம் முழுக்க விழுந்து விழுந்து சிரித்தது.