குழாய்க்காரரின் கடைசிப் போராட்டம்

"நீ போன பிறகும் இந்த வீட்டிலேயேதான் கிடப்பேன். எந்த இல்லத்துக்கும் போகமாட்டேன். இது முடிவு."

குழாய்க்காரர் அறிவித்துவிட்டார். தொழிற்சங்க மேடைகளில் முழங்கிய குரல். கேட்க ஒருத்திதான் இருந்தாள். அவளும் கட்டிலில் கிடந்தாள்.

மனைவிக்கு ஈரலில் கட்டி. மருத்துவர் கைவிரித்துவிட்டார். பிள்ளைகள் இல்லை. சாவைப் பற்றி அவளுக்குப் பயமில்லை. ஊருக்கெல்லாம் தண்ணீர் கொடுத்துவிட்டு, ஒரு செம்பு வெந்நீர் வைக்கத் தெரியாத இந்த மனுஷனைப் பற்றித்தான் பயம்.

"போகாதீங்க. ஆனா ஓய்வுபெற்ற போதகர்கள் இல்லத்துல குழாயெல்லாம் ஒழுகுதாம். வயசானவங்க வழுக்கி விழுறாங்க. உங்க கை சும்மாதானே இருக்கு?"

"பாதிரிங்களுக்கு நானா? ஜெபம் பண்ணி மழை வரவைக்கிறவங்களுக்குக் குழாய் எதுக்கு?"

"வரவைப்பாங்க. நிறுத்தத்தான் ஆள் வேணும்."

முனகிக்கொண்டே போனார். அங்கே கண்டது அவர் வாயை அடைத்தது. ஆயிரம் பேருக்குப் பிரசங்கம் செய்தவர் ஒரு வாளித் தண்ணீருக்காகச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். உழைத்துத் தேய்ந்தவனை ஆலையும் சபையும் ஒரே வாசல் வழியாகத்தான் தள்ளுகின்றன. சபை மட்டும் ஒரு ஜெபம் செய்து தள்ளும். குழாய்க்காரர் வாஷர் மாற்றினார். தொட்டியின் மிதவையைச் சரிசெய்தார். வழுக்குகிற இடமெல்லாம் கைப்பிடி பதித்தார். கூலி கேட்கவில்லை. தினமும் போனார்.

அங்கே குடியிருந்த ஊன்றுகோல் அம்மா, வீடுவீடாக வேதம் சொல்லியே முழங்கால் தேய்ந்தவர், குழாய்க்காரரின் மனைவிக்காக ஜெபிக்க அடிக்கடி வீட்டுக்கு வருவார். ஜெபம் சுருக்கம். பேச்சு நீளம்.

"இல்லத்துப் பின்கட்டுல ரெண்டு அறை பூட்டியே கிடக்காமே?" என்றாள் மனைவி ஒருநாள்.

"கிடக்குது."

"ஆலயத்தைப் பெருக்கிக் காவல் காத்த காவலாளி போய் இடம் கேட்டாராம். போதிச்சவங்களுக்கு மட்டும்தான்னு செயலாளர் துரத்திட்டாராம்."

"என்னது?"

"பேசினவனுக்குக் கட்டில், பெருக்கினவனுக்குத் தெரு. அவங்க சட்டம். நமக்கென்ன, விடுங்க."

எந்த நரம்பைத் தொட்டால் இந்த உடம்பு எழுந்து நிற்கும் என்று அவளுக்குத் தெரியாதா? மறுநாளே குழாய்க்காரர் ஸ்பானரைக் கீழே போட்டுவிட்டு முதியவர்களைக் கூட்டிச் சங்கம் அமைத்தார். கையால் உழைத்தவருக்கும் இங்கே இடம் வேண்டும் என்பது கோரிக்கை.

"சம்பளம் வாங்காம உழைச்சவனை ஏன் விட்டீங்க? அவன் மனுஷன் இல்லையா?" என்றாள் மனைவி.

"நல்ல கேள்வி." அதையும் சேர்த்துக்கொண்டார்.

வாழ்நாளெல்லாம் அடங்கி நடக்கச் சொல்லிக்கொடுத்தவர்கள் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்தார்கள். ஊன்றுகோல் தரையில் இடித்த இடியில் செயலாளர் இறங்கிவந்தார்.

குழாய்க்காரர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீடு திரும்பினார். அவளுக்கு அன்று தலையைத் தூக்கவே முடியவில்லை.

"ஜெயிச்சுட்டோம்."

"காவலாளிக்கு?"

"முதல் அறை."

"சம்பளம் வாங்காம உழைச்சவங்களுக்கும் உண்டுதானே?"

"உண்டு. அதுலதான் நான் கடைசிவரைக்கும் விட்டுக்கொடுக்கல."

"நல்லதாப் போச்சு. ரெண்டாவது அறை உங்களுக்கு."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"யாரைக் கேட்டு?"

"நான் போனப்புறம் போனாப் போதும். போராடி வாங்கின அறையைப் பூட்டியா வைப்பாங்க?"

"நான் கேக்குறது வேற. யாரைக் கேட்டு முடிவு பண்ணே?"

"உங்க சங்கத்தைக் கேட்டுத்தான். நீங்க கிளம்பினதும் ஊன்றுகோல் அம்மா கூட்டம் போட்டாங்க. எல்லாரும் கை தூக்கிட்டாங்களாம். தூக்க முடியாதவங்களுக்குப் பக்கத்துல இருந்தவங்க தூக்கிவிட்டாங்களாம்."

எத்தனையோ சங்கங்களை உடையக் கண்டவர் குழாய்க்காரர். அவர் அமைத்த சங்கம் ஒன்று ஒருமனதாக நிறைவேற்றிய முதல் தீர்மானம் அவருக்கு எதிரானது.