பூஜைக்குப் போன நூலகம்

நல்ல காரியம் செய்கிறேன் என்று வரிந்து கட்டிக்கொண்டு கிளம்புகிறவர்களைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் பயம். அப்படிக் கிளம்பித்தான் எங்கள் புக்கிட் செலம்பாவ் நூலகத்துக்கு நானே மூடுவிழா நடத்தப் பார்த்தேன்.

நூலகம் என்றால் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். ரப்பர் தோட்டத்தின் பழைய ஆயாக்கொட்டகை. பால்மரம் வெட்டப் போகும் தாய்மார்கள் பிள்ளைகளை விட்டுப்போன இடம். தோட்டத்தைக் காலி செய்து பட்டணம் போனவர்களின் புத்தகங்களை லாரி ஓட்டும் முருகையா அண்ணன் உரச்சாக்கில் அள்ளிவந்து கொட்டுவார். நான் துடைத்து அடுக்குவேன். (இன்றும் உரக்கடையைத் தாண்டினால் எனக்கு ஏதாவது படிக்கத் தோன்றும்.)

அந்த அறையைக் கல்யாண நாற்காலிகள் வைக்கும் ஸ்டோராக்க வேண்டும் என்று சிலர் கேட்டார்கள்.

"பிள்ளைங்க நெஜமாவே படிக்கிறாங்களான்னு பார்க்க மாவட்ட ஆபீசுலேருந்து ஆபீசர் வர்றாங்களாம். அதை வச்சுத்தான் முடிவாம்" என்றார் அண்ணன்.

அவர்கள் சொன்ன தேதி சரஸ்வதி பூஜை. வேறு நாள் கேட்டிருக்கலாம். நானோ, சரஸ்வதியே நாள் குறித்துக் கொடுத்துவிட்டாள் என்று பூரித்துப் போனேன். அலமாரியைக் காலி செய்து அத்தனை புத்தகங்களையும் படத்துக்கு முன் குவித்து, மஞ்சள் குங்குமம் வைத்து, பூச்சரம் போட்டேன். சுண்டல் வேறு.

ஆபீசர் ஒரு மலாய்க்கார அம்மா. காலணியைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். காலி அலமாரியைப் பார்த்தார். கைகட்டி உட்கார்ந்திருந்த பிள்ளைகளைப் பார்த்தார். குவியலிலிருந்து ஒரு புத்தகத்தை எடுக்கக் கை நீட்டினார். நாலாம் ஆண்டு படிக்கும் கவிதா பாய்ந்து குறுக்கே நின்றாள்.

"பூவான், தா போலே லா! இன்னிக்கி தொடக்கூடாது! படிச்சா சாமி கோவிச்சுக்கும்!"

அவருக்குத் தமிழ் தெரியாது. மலாயில் மேடம் என்பதற்கான "பூவான்", கூடாது என்பதற்கான "தா போலே" இரண்டும் மட்டும் நன்றாகவே புரிந்தன. "நூலகத்தில் படிக்கக் கூடாதா?" என்று மலாயில் என்னிடம் கேட்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஐயோ! வருடத்தில் யாரும் புத்தகத்தைத் தொடாத ஒரே நாளில், படிப்பதைப் பார்க்க வந்தவரை நிற்க வைத்திருக்கிறேன்.

"நாளைக்குப் படிக்கலாம்" என்று உளறினேன். அவர் சுண்டலை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

"சரி, நாற்காலிய ஏத்திக்கிட்டு வரவா?" என்றார் அண்ணன்.

மறுநாள் காலை சொல்லாமல் கொள்ளாமல் அந்தம்மா மறுபடியும் வந்து நின்றார். விஜயதசமியன்று எதையாவது படித்தே ஆக வேண்டும் என்று எல்லா வீட்டிலும் பிள்ளைகளை விரட்டியிருந்தார்கள். உள்ளே மஞ்சள் பூசிய புத்தகங்களுக்கு அடிதடி. இடமில்லாதவர்கள் வாசற்படியில் உட்கார்ந்து தொண்டை கிழிய வாசித்துக்கொண்டிருந்தார்கள். கவிதா ஒரு புத்தகத்தை அவரிடம் நீட்டி, "இப்ப போலே! தொடலாம்!" என்றாள். அவர் சிரித்துவிட்டார். அறை எங்களுக்கே கிடைத்தது.

அன்றிலிருந்து நான் எதற்காவது மும்முரமாகக் கிளம்பினால், "அம்மா, இன்னிக்கி எதை மூடப் போறீங்க?" என்று என் பிள்ளைகள் கேட்கிறார்கள்.

கவிதா இப்போது ஆசிரியை. மெர்போக்கில் ஒரு சின்ன நூலகம் திறக்கப் போவதாகப் போன வாரம் போன் செய்தாள்.

"நாள் பார்த்து வைடி. என்னை மாதிரி மாட்டிக்காதே" என்றேன்.

"பார்த்தாச்சுக்கா. சரஸ்வதி பூஜைதான். ஒரு நாளு தொடாதேன்னு சொன்னாத்தான் லா மறுநாளு கூட்டம் வரும்!"