மான் வைத்த வில் கடை

ஒரு காட்டில், மதியம் மூக்குப்பிடிக்கத் தின்றுவிட்டுப் படுத்திருந்த சிங்கராஜாவுக்குத் திடீரென்று பாரம்பரியம் ஞாபகம் வந்தது. "நம் முன்னோர்கள் வில் பிடித்து வேட்டையாடியவர்கள். இனிமேல் பல்லும் நகமும் கூடாது, வில் மட்டும்தான்" என்று உத்தரவு போட்டுவிட்டார். எந்த முன்னோர் என்று யாருக்கும் தெரியவில்லை. கேட்கவும் யாருக்கும் தைரியம் வரவில்லை.

வில் விற்க உரிமம் வேண்டுமாம். பதினோரு பக்கப் படிவம், மூன்று பிரதி. புலி மூன்றாம் பக்கத்திலேயே கொட்டாவி விட்டது. நரி தன் பிறந்த தேதியில் பொய் எழுதி மாட்டிக்கொண்டது. கடைசிவரை வரிசையில் நின்றது மருதாயி என்ற புள்ளிமான் மட்டும்தான். மந்தையில் வளர்ந்தவளுக்கு வரிசை ஒரு கஷ்டமா? உரிமம் அவளுக்கே கிடைத்தது. தன்னைக் கொல்லப்போகும் வில்லைத் தானே விற்கிறாளே, இவளுக்கு மூளை கலங்கிவிட்டதா என்று மற்ற மான்கள் பேசிக்கொண்டன.

மூளையெல்லாம் தெளிவாகத்தான் இருந்தது. அவளுக்கு அந்த மாதம்தான் ஒரு குட்டி பிறந்திருந்தது. கடை மேசைக்கு அடியில் கூடைக்குள் தூங்கும். அது பிழைத்து வளர வேண்டும். அவளுக்கு வேறு வேண்டுதல் இல்லை.

ஒரு வில்லின் நாணை முழுக்க இழுக்க எவ்வளவு பலம் வேண்டும் என்பதை ராத்தல் கணக்கில் சொல்வார்கள். முப்பது ராத்தல் வில் இழுக்க லேசு. எழுபது ராத்தலுக்குப் பல வருஷப் பழக்கம் வேண்டும். மருதாயி இதைப் பிடித்துக்கொண்டாள்.

கரடி பெரியகருப்பன் வந்து, "சும்மா ஒரு நாப்பது ராத்தல்ல குடு தாயி" என்றார்.

"நாப்பதா? இந்தத் தோளுக்கா?" மருதாயி கண்ணில் தண்ணீர் வராத குறை. "எழுவதுக்குக் கீழ குடுத்தா என்னையத்தான் காறித் துப்புவாங்க அண்ணாச்சி."

கரடி எழுபதோடு போனார். அதைக் கேள்விப்பட்டு புலி மாயாண்டி எழுபத்தைந்து வாங்கினார். வில்லை வானத்தைப் பார்த்துத் தூக்கி, பல்லைக் கடித்து, வால்வரை நடுங்கி, நாணை ஒரு சாண் இழுப்பதற்குள் எதிரே நின்ற மான் மிச்சப் புல்லையும் மேய்ந்துவிட்டு நிதானமாகக் கிளம்பிவிடும். நாண் கைநழுவி மூக்கில் அடித்ததுதான் மிச்சம். புலி பசித்தாலும் புல்லைத் தின்னாது என்பார்கள். உண்மைதான், குரங்கு நடத்திய மெஸ்ஸில் தயிர்சாதம் தின்றது.

இப்படிச் சுகமாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் செந்நாய் சுடலைமுத்து கடைக்கு வந்தார். ஒல்லியான ஆள், அதிகம் பேசாதவர்.

"முப்பது ராத்தல்ல ஒண்ணு வேணும்."

மருதாயி அவரை மேலும் கீழும் பார்த்தாள். "இந்தக் கம்பீரத்துக்கு முப்பதா அண்ணாச்சி?"

"பக்கத்துக் காட்டுல அம்பது வாங்கி தோள்பட்டை பிசகி மூணு மாசம் எண்ணெய் தடவிக் கிடந்தேன் தாயி. கம்பீரம் அதோட போச்சு."

"அது சின்னப் பிள்ளைங்க வில்லுங்க. ரோஸ் கலர்தான் இருக்கு."

"வீட்ல அவளுக்கு ரோஸ் ரொம்பப் பிடிக்கும்."

சுடலைமுத்து வில்லை வாங்கித் தரையில் உட்கார்ந்து காலை நீட்டினார். வில்லைத் தூக்காமல், நெஞ்சுக்கு நேராக நாணை இழுத்துப் பத்து எண்ணும்வரை அசையாமல் பிடித்தார். "உக்காந்து இழுக்க முடியலைன்னா அது நம்ம வில் இல்ல" என்றார். பிறகு எழுந்து வாசலில் தொங்கிய பலாப்பழத்தின் காம்பைப் பார்த்து ஓர் அம்பு விட்டார். பழம் பொத்தென்று விழுந்தது. கூடைக்குள் குட்டி சிணுங்கியது.

"நாளைக்கு விடியக்காலம் ஓடைப் பக்கம் போகலாம்னு இருக்கேன்" என்றார் மரியாதையாக. "உங்க ஆளுங்க தண்ணி குடிக்க அங்கதான வருவாங்க?"

மருதாயி கூடையை மேசைக்கு அடியில் இன்னும் உள்ளே தள்ளினாள். புகழ்ந்தாயிற்று, மட்டம் தட்டியாயிற்று, ரோஸ் கலரும் பலிக்கவில்லை. இந்தக் காட்டிலேயே விவரம் தெரிந்த ஒரே ஆள் இவர்தான். அப்படி நினைத்த நொடியில்தான் அவளுக்கு வழி தெரிந்தது.

"இவ்வளவு ஞானத்தை நீங்க மட்டும் வச்சிருந்தா நியாயமா அண்ணாச்சி? காடு பூரா தோள்பட்டை பிசகிக் கிடக்கு. நாளைக்கு விடியக்காலம் ஆலமரத்தடியில நாலு வார்த்தை பேசுங்களேன். தலைப்பு, இழுக்க முடிஞ்ச வில்லே இனிய வில்."

"நமக்குப் பேச்செல்லாம் வராது தாயி."

மருதாயி ஒரு பொன்னாடையை எடுத்து அவர் தோளில் போர்த்தினாள். சுடலைமுத்து குனிந்து சரிகையைத் தடவிப் பார்த்தார். "எத்தனை மணிக்கு?" என்றார்.

நாலு வார்த்தை நாற்பது நிமிஷமானது. கரடி கண் கலங்கிக் கைதட்டினார். கூட்டம் முடிந்ததும் நேராகக் கடைக்கு வந்து, "என்னமா பேசுறாரு! எம்பதுல இருக்கா?" என்று கேட்டார்.

அதன்பிறகு சுடலைமுத்துவுக்கு ஓய்வே இல்லை. காலையில் பயிலரங்கம், மாலையில் பாராட்டு விழா. வாட்ஸ்அப்பில் தினமும் 'வில் சிந்தனை'. ஓடைப் பக்கம் போக நேரமே வாய்க்கவில்லை. விழாக்களில் கிடைத்த தயிர்சாதத்தில் தொப்பை வைத்துவிட்டது.

ஆறு மாதம் கழித்துக் கடையின் பின்வாசலில் யாரோ தட்டினார்கள். சுடலைமுத்துதான். ரோஸ் வில்லைப் பிடித்துத் தரையில் உட்கார்ந்து இழுத்துக் காட்டினார். ஒரு சாண் வருவதற்குள் கை வெடவெடத்தது.

"இதைவிட லேசா ஏதாச்சும் இருக்கா? வெளிய சொல்லிராத தாயி."

"இதுக்கும் கீழன்னா பஞ்சு அடிக்கிற வில்லுதான் இருக்குங்க."

அதையே வாங்கி முதுகில் மாட்டிக்கொண்டு அன்று மாலையே மேடை ஏறினார். வில்லின் ராத்தலா முக்கியம், எண்ணம்தானே முக்கியம் என்று ஒன்றரை மணி நேரம் முழங்கினார். முன்வரிசையில் மருதாயியும் அவள் மகனும் உட்கார்ந்து பலமாகக் கைதட்டினார்கள். பையனுக்குக் கொம்பு முளைத்திருந்தது.

நீதி: தன் பலம் தெரியாதவனுக்குப் பெரிய வில்லைக் கொடு. தெரிந்தவனுக்கு மைக்கைக் கொடு.