வார்ட் இருளக் கூடாது என்ற எர்த் காக்கா

கல்முனைக் கரையில் மனிதர்களைவிட மண்ணுக்குள் இறங்கும் எர்த் வயரை அதிகம் நம்பியவர் எர்த் காக்கா ஒருவர்தான். நான் மருந்துக் கவுண்டரில் வேலை பார்க்கும் தனியார் ஆஸ்பத்திரியில் மின்சாரப் பொறுப்பு அவருடையது. ஸலாம் சொன்னால் பதில் சொல்லிவிட்டு, சுகம் விசாரிக்காமல், "வீட்ட எர்த் சரியா இரிக்கா?" என்று கேட்பார்.

ஒரு வலீமா கல்யாண விருந்தில், மாப்பிள்ளைக்குப் பின்னால் சுழன்ற இரும்பு ஃபேனுக்கு எர்த் இல்லை என்று கண்டதும் பிளக்கைப் பிடுங்கிவிட்டார். பெண்ணின் வாப்பா பாய்ந்து வந்தார்.

"மாப்பிள்ள காத்தோட வேணுமா, உசிரோட வேணுமா?" என்றார் காக்கா.

காக்காவோடு நானும் சேர்ந்து சாப்பிட்ட சஹன் தட்டுக்கு மட்டும் கடைசி இனிப்பான வட்டிலப்பம் வரவில்லை.

ஆஸ்பத்திரி முழுவதற்கும் அப்போது, கசிவு வந்தால் கரண்டை வெட்டும் ட்ரிப் சுவிட்ச் ஒன்றே ஒன்றுதான். கன்டீன் பொயிலர் கொஞ்சம் கரண்டைக் கசியவிட்டால் போதும், அது விழும். மேல்மாடி வார்டும் பிரசவ அறையும் சேர்ந்தே இருளும். மாரி வந்தால் இதே தொல்லை. மெனேஜர் பொறுமையிழந்தார்.

"அந்தச் சுவிட்சக் கழட்டிட்டு நேரா கரண்டக் குடுங்க காக்கா."

"கழட்டினா கரண்ட் ஆள்ட மேலாலதான் மண்ணுக்குப் போகும் சேர். கன்டீனுக்கு ஒண்டு, வார்டுக்கு வேற ஒண்டு போடுங்க. கோளாறு வந்த இடம் மட்டும் இருளட்டும்."

"இப்ப ஏலா."

"அப்ப எனக்கும் ஏலா."

கதிரையைத் தூக்கிச் சுவிட்ச் பலகைக்கு முன்னால் போட்டு உட்கார்ந்துவிட்டார். சோறும் அங்கேயே. லுஹர் தொழப் போகும்போது என்னைக் காவலுக்கு வைத்தார். "ஆராவது கை வெச்சா கத்து!" டொக்டர்மாரும் அவர் பக்கம் சாய்ந்தார்கள். மெனேஜர் இறங்கி வந்தார்.

புதிய சுவிட்சுகளைப் பூட்டியும் காக்காவுக்குத் திருப்தியில்லை. டொக்டர்மாரிடம் சொல்லிவிட்டு, கன்டீனில் வேண்டுமென்றே கசிவை உண்டாக்கிப் பார்ப்பார். உடனே வார்டுக்கு ஓடிவந்து பல்பை அண்ணாந்து பார்ப்பார். பல்பு எரியும். கீழே இருட்டில் கன்டீன்காரர் ஏசுவது கேட்கும். காக்காவுக்கு அது கஸீதாப் பாட்டு.

அடுத்த மாரியில் என் மனைவியை அங்கேதான் பிரசவத்துக்குச் சேர்த்தோம். மழை கொட்டிய ஒரு பின்னேரம் பொயிலர் மறுபடி கசிந்து கன்டீன் இருண்டது. நான் பதறிப்போய்ப் பிரசவ அறையைப் பார்த்தேன். கதவிடுக்கில் வெளிச்சம் அசையாமல் நின்றது. கொஞ்ச நேரத்தில் பிள்ளையின் அழுகையும் கேட்டது.

காக்கா மூச்சிரைக்கப் படியேறி வந்தார்.

"லைட் நிண்டிச்சா?"

"ஓம் காக்கா."

"அல்ஹம்துலில்லாஹ்!" சுவரில் சாய்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகுதான் மற்றது ஞாபகம் வந்தது. "என்ன புள்ள?"

"பொம்புளப் புள்ள."

மகள் பிறந்ததற்கு வாங்கிய மஸ்கட் இனிப்பில் முதல் துண்டை, என் உம்மாவுக்கும் முன்னால், அவருக்குத்தான் ஊட்டிவிட்டேன்.