டேப்லெட் துளைக்கு நேர அட்டவணை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் நலம். ஒன்பது நாளாக எங்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லாததால், இருவரும் தனித்தனியாக நலம் என்று எடுத்துக்கொள்ளவும். கீபோர்டின் நேரம் முடிந்துவிட்டபடியால் இதைக் கையால் எழுதுகிறேன்.

நீங்கள் அனுப்பிய டேப்லெட் நல்லபடியாக வந்து சேர்ந்தது. பெட்டியைப் பிரித்து, பொருளை என் கையில் கொடுத்தது உங்கள் அத்தைதான். அதன் அடியில் ஒரே ஒரு யுஎஸ்பி துளை இருப்பதைப் பார்த்து, அது சார்ஜ் போட மட்டும்தான் என்று நானும் ஒரு மாதம் அப்பாவியாக இருந்தேன். மூலைக் கடை செல்போன் ரிப்பேர்க்காரர்தான் கண்ணைத் திறந்தார். "என்ன சார், இதுல சார்ஜ் மட்டும் போடறது, பெரிய வீட்ட வாங்கிட்டு வாசல்லயே படுத்துக்கற மாதிரி" என்றார். எனக்கு ரோஷமாகிவிட்டது. அன்றே ஒரு சின்ன இணைப்பு ஒயர் வாங்கினேன். அப்புறம் கீபோர்டு, மவுஸ், பென்டிரைவ், மேசை விளக்கு, உள்ளங்கை அளவு ஃபேன் என்று ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. சார்ஜரோடு சேர்த்தால் ஆறு வண்டி, ஒரே பிளாட்பாரம்.

முப்பத்திரண்டு வருடம் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்தவனுக்கு இதெல்லாம் ஒரு விஷயமா? அட்டவணை போட்டுச் சுவரில் ஒட்டினேன். காலை ஆறுக்குச் சார்ஜர், ஏழேகாலுக்குக் கீபோர்டு, எட்டுக்குப் பென்டிரைவ், இப்படி. தாமதத்துக்குச் சிவப்பு மை. சார்ஜர் மாட்டியிருக்கும் ஒன்றேகால் மணி நேரம் எனக்கு வேலை இல்லை. ஆகவே சமையலறையில் முக்காலி போட்டு உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டே, அந்தக் கால டிரைவர்கள் கதையை அத்தையிடம் சொல்லிக்கொண்டிருப்பேன். எல்லாம் ஒழுங்காகத்தான் போனது.

போன ஞாயிற்றுக்கு முந்தின ஞாயிறு, பத்து மணிக்கு நீங்கள் வீடியோவில் கூப்பிட்டீர்கள். துளையில் அப்போது ஃபேன். சார்ஜ் ஆறு சதவீதம். பேத்தி சோபாவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அத்தை என் தோளைத் தட்டினாள்.

"சார்ஜர மாட்டுங்க, அணைஞ்சிடப் போகுது."

"பத்து நாப்பதுக்குத்தான் அதுக்கு டைம்."

"குழந்தை கைய விடறா, பாருங்க! மாட்டுங்கன்னா!"

"ஒரு வண்டிக்கு விட்டுக் கொடுத்தா எல்லா வண்டியும் கேட்கும்."

பேத்தி சோபாவை விட்டாள். ஒரு காலைத் தூக்கினாள். திரை கறுத்துவிட்டது. பத்து நாற்பதுக்கு, ஒரு நிமிடம் பிசகாமல், சார்ஜரை மாட்டினேன். அதற்குள் குழந்தை தூங்கிவிட்டாள். "நாலு அடி நடந்துட்டா மாமா" என்று நீங்கள் சொன்னதைக் கேட்டு அத்தை எழுந்து உள்ளே போனவள்தான், இன்று வரை என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. காபி மட்டும் டக்கென்று மேசையில் வந்து இறங்குகிறது. நான் வெங்காயம் உரித்து வைத்தால், அவள் வேறு எடுத்து உரித்துக்கொள்கிறாள். எனக்கு இந்த வீட்டில் இருக்கப் பிடிக்கவில்லை மாப்பிள்ளை. தப்பு என்னுடையதுதான். அதை அவளிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை.

ஒரே துளையில் எல்லாவற்றையும் ஒன்றாக மாட்ட, சார்ஜும் ஏற, 'ஹப்' என்று ஒரு சின்னப் பெட்டி உண்டாம். ரிப்பேர்க்காரரிடம் அடுத்த மாதம்தான் வருமாம். அது வரை நான் தாங்க மாட்டேன். ஒன்று வாங்கி உடனே அனுப்பவும். இந்த வீட்டின் நிம்மதி இப்போது உங்கள் கையில்.

மகளுக்கு என் ஆசிகள். பேத்திக்கு முத்தம், இரண்டு கன்னத்திலும்.

இப்படிக்கு,
மாமா

பின்குறிப்பு: தபால்தலை தேடி அத்தையின் அலமாரியைத் திறந்தேன். புடவைகளுக்கு அடியில் அந்த ஹப் இருந்தது. டேப்லெட்டோடு நீங்கள் அனுப்பியதுதான். "மாமா, எல்லாத்தையும் ஒரே நேரத்தில் மாட்டலாம்" என்று உங்கள் கையெழுத்தில் சீட்டு வேறு. அத்தை அறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பத்தாம் நாள் வாயைத் திறந்தாள்.

"எல்லாத்தையும் ஒண்ணா மாட்டிட்டா நீங்க அந்த நாற்காலிய விட்டு எழுந்திருப்பீங்களா? சார்ஜ் ஏறற நேரத்துலதான் என் பக்கம் வந்து உக்காந்து நாலு வார்த்தை பேசறீங்க. அதான் எடுத்து வெச்சேன்."

"அப்புறம் எதுக்கு என் மேல இவ்வளவு கோபம்?"

"உங்க மேல யாரு கோபப்பட்டா? நானே ஒளிச்சு வெச்சு, நானே பார்க்க முடியாம போச்சு. இத யார்கிட்ட போய்ச் சொல்லுவேன்?"

ஆகவே எதுவும் அனுப்ப வேண்டாம். ஹப்பைப் பழையபடி புடவைக்கு அடியிலேயே வைத்துவிட்டேன். ஞாயிறு பத்து மணிக்கு மட்டும் வெளியே வரும். அட்டவணையில் சார்ஜருக்குச் சாயங்காலமும் ஒன்றேகால் மணி நேரம் ஒதுக்கியிருக்கிறேன். பேத்தியை வரும் ஞாயிறு இன்னொரு தடவை சோபாவிலிருந்து புறப்படச் சொல்லவும். இந்த முறை இங்கே தாமதம் இருக்காது.