நான்கு கைப்பிடி வைத்த ஆம்ப்

அன்பும் பொறுமையும் நிறைந்த மருமகளுக்கு,

உன் மாமனார் தன் சொந்தக் கையால் எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம். உன் கணவன் நலமா என்பதைக் கடிதத்தின் நடுவில் எழுதியிருக்கிறேன். முதலிலேயே அங்கே தாவிவிடாமல் வரிசையாகப் படி. உன் அக்காவும் அவள் வீட்டுக்காரரும் சௌக்கியமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன். "ஏதாவது சொல்லணும்னா நீங்களே எழுதுங்க மாமா, உங்க பிள்ளையை எழுத வைக்காதீங்க" என்று அக்கா வீட்டுக்குப் பஸ் ஏறும்போது சொன்னாய் அல்லவா, அதனால்தான் இவ்வளவு தாமதம். இதுவரை எழுதியதற்கே ஒரு காலைப்பொழுது ஆகிவிட்டது. எழுதிவிட்டு எழுந்து போய்ச் சுவரோரம் நின்று தூரத்திலிருந்து பார்த்தேன். வரிகள் கொஞ்சம் கீழே சரிந்திருந்தன. ஆனாலும் என் எழுத்து. சமையலறை மேசையில் நீ மாவுப் பையைக் கிழித்துப் போட்டு எனக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்தது வீண்போகவில்லை. இந்த வயதில் ஒருவனுக்கு இப்படி ஒரு சந்தோஷம் கிடைக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லவே இல்லை. எழுதப்போகிற விஷயங்கள் சந்தோஷப்படும்படி இல்லை, அது வேறு.

ஆம்ப் செய்பவரிடம் உன் ஸ்கூட்டரைக் கொடுத்துவிட்டு அதற்குப் பதிலாக, தன் கிடாரின் சத்தத்தைப் பெருக்க உன் கணவன் தூக்கிவந்த வால்வு ஆம்ப்பை நீ கோபத்தில் சரியாகப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். வாழ்நாளெல்லாம் சவப்பெட்டி செய்தவன் நான். எந்தப் பெட்டி எதிரில் வந்தாலும் தட்டிப் பார்க்காமல் என் கை சும்மா இருக்காது. வெளியே நல்ல தேக்கு. மூலைகளில் ஆணியே இல்லை, விரலோடு விரல் கோத்ததுபோல மரத்தோடு மரம் கோத்திருக்கிறது. முகப்பில் பொன்னிறத் துணி, அதற்கு மேலே செய்தவரின் பெயர் பொறித்த பித்தளைத் தகடு. எங்கள் பெட்டியிலும் பெயர் உண்டு, ஆனால் அது செய்தவன் பெயராக இருக்காது, உள்ளே படுத்திருப்பவர் பெயராக இருக்கும். பின்பக்கம் கண்ணாடி வால்வுகள் வரிசையாக நிற்கின்றன. சுவிட்சைப் போட்டால் அடுப்புத் தணல்போல மெல்லச் சிவக்கின்றன. அவை சூடாகும்வரை கிடாரை என்ன தட்டினாலும் சத்தம் வராது. சூடான பிறகு யாரும் கிடாரைத் தொடாமலே 'ஊம்ம்' என்று ஒரு சத்தம் வந்துகொண்டே இருக்கிறது. பிரிட்ஜ் ஓடத் தொடங்கினால் அது இன்னும் கூடுகிறது.

"என்னடா இது, வயித்துவலிக்காரன் மாதிரி முனகுது?" என்று கேட்டேன்.

"முனகல் இல்லப்பா. அதுதான் வால்வோட சூடு. கடையில வாங்குற ஆம்ப்புல இது வராது."

"வராம இருந்தா நல்லதுதானேடா?"

"உங்களுக்குப் புரியாதுப்பா. உள்ள இருக்கிற ஒவ்வொரு ஒயரும் ஒரு மனுஷன் கையால வச்சது."

"நானும் கையாலதான் செஞ்சேன். என் பெட்டியில ஒருத்தர்கூட முனகினது இல்ல."

அவன் சிரிக்கவில்லை. நீ இருந்திருந்தால் சிரித்திருப்பாய்.

ஒரு குறையை மட்டும் அன்றைக்கே கண்டுபிடித்தேன். தூக்குவதற்கு மேலே ஒரே ஒரு தோல் கைப்பிடி. பார்க்க அழகுதான். ஆனால் உள்ளே இருக்கிற டிரான்ஸ்பார்மர்கள் சுத்த இரும்பு, அந்தக் கனத்தைத் தாங்கப் போட்டிருந்த திருகாணிகள் என் சுண்டுவிரல் நகத்தைவிடக் குட்டை. எங்கள் தொழிலிலும் மலிவான பெட்டிகளுக்குக் கைப்பிடி கண்ணுக்குத்தான், ஆட்கள் அடியில் கைகொடுத்துத்தான் தூக்குவார்கள். துக்கத்தில் இருப்பவர்கள் அதைக் கவனிக்க மாட்டார்கள். "அடியில கை குடுத்துத் தூக்குடா" என்றேன். "இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செஞ்ச பொருளுக்குக் கைப்பிடி மட்டும் மட்டமா இருக்குமாப்பா?" என்று சொல்லிக்கொண்டே மாடிப்படி இறங்கினான். நாலு படி இறங்குவதற்குள் கைப்பிடி அவன் கையில் இருந்தது, ஆம்ப் அவன் காலில் இருந்தது. மருமகளே, கடிதத்தின் நடு இதுதான். உன் கணவனுக்கு வலது கால் பெருவிரல் எலும்பு முறிந்துவிட்டது. கட்டுப் போட்டிருக்கிறார்கள். கண்ணில் தண்ணீர் வழிய அவன் முதலில் கேட்டது, "ஆம்ப்புக்கு என்னப்பா ஆச்சு?" என்பதுதான். ஆம்ப்புக்கு ஒன்றும் ஆகவில்லை.

சனிக்கிழமை ஒரு கல்யாண மண்டபத்தில் அவர்கள் குழுவின் கச்சேரி. அதற்குள் கைப்பிடியைச் சரிசெய்து தரச் சொன்னான். எனக்குச் செய்யத் தெரிந்த கைப்பிடி ஒரே ஒரு வகைதான். பட்டறையில் மிச்சமிருந்த பித்தளைக் கைப்பிடிகளைத் துலக்கி, பக்கத்துக்கு இரண்டாக நான்கு வைத்தேன். நீளத் திருகாணி போட்டேன். வேனில் தூசி படாமலிருக்கட்டும் என்று, பெட்டிமேல் போர்த்தும் கறுப்பு வெல்வெட்டில் ஒரு உறையும் தைத்துப் போட்டேன். நல்லெண்ணத்தில் செய்தது. கால்விரல் முறிந்தவன் தூக்க முடியாதல்லவா, அதனால் நானும் கூடப் போனேன். டிரம்ஸ் அடிக்கிற உருண்டை, பாடுகிற பையன், கீபோர்டுக்காரர், நான், நால்வரும் ஆளுக்கொரு கைப்பிடி பிடித்தோம். குழுவுக்குச் சீருடை கறுப்புச் சட்டை, எனக்கும் ஒன்று கொடுத்திருந்தார்கள். பின்வாசலை மறித்துச் சமையல்காரர்களின் வேன் நின்றதால் முன்வாசல் வழியாகவே போனோம். என் கால்களுக்குக் கைப்பிடியைத் தொட்டால் ஒரு நடைதான் தெரியும். மெதுவாக, ஒரே சீராக. மற்ற மூவரும் தங்களை அறியாமல் அந்த நடைக்கு வந்துவிட்டார்கள். எங்கள் பின்னால் உன் கணவன் தலையைக் குனிந்துகொண்டு நொண்டி நொண்டி வந்தான்.

மண்டபம் முழுக்க எழுந்து நின்றது. ஒருவர் தொப்பியைக் கழற்றினார். கல்யாணப் பெண்ணின் அம்மா யாருக்காக என்று தெரியாமலே அழத் தொடங்கினாள். முன்வரிசையில் இருந்த பெரியவர் உருண்டையின் கையைப் பிடித்து, "யாருப்பா? எப்போ ஆச்சு?" என்று கேட்டார். உருண்டைக்கு வாய் சும்மா இருக்காது. "இன்னும் ஒண்ணும் ஆகல தாத்தா. உள்ள சூடு இருக்கு" என்றான். பெரியவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார், தண்ணீர் தெளிக்க வேண்டியதாயிற்று.

பெண்ணின் அப்பா ஓடிவந்தார். "கல்யாணத்துக்கு என்னத்தைய்யா தூக்கிட்டு வர்றீங்க?"

"ஆம்ப்புங்க. கையால செஞ்சது" என்றான் உன் கணவன்.

சமாதானம் சொல்லி மேடை ஏறினோம். முதல் பாட்டில் பாதிகூட ஆகவில்லை, ஒரு வால்வு சிவப்பிலிருந்து நீலமாகி 'டப்' என்று வெடித்தது. புகை. ஆம்ப்புக்கு ஒன்றும் ஆகவில்லை என்று மேலே எழுதியது தவறு, மாடிப்படியிலேயே உள்ளே ஏதோ விட்டுப்போயிருக்கிறது. மையில் எழுதிவிட்டேன், அழிக்கத் தெரியவில்லை, நீயே அடித்துக்கொள். "வந்த வழியாவே எடுத்துட்டுப் போயிருங்க" என்றார் பெண்ணின் அப்பா. எடுத்துப் போனோம். இந்தத் தடவையும் எல்லோரும் எழுந்து நின்றார்கள். அதற்குப் பிறகு எந்த மண்டபமும் குழுவைக் கூப்பிடவில்லை. உருண்டை ஒரு டயர் கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். உன் கணவன் காலை முக்காலிமேல் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். சாப்பிடு என்றால் சாப்பிட்டான், அவ்வளவுதான்.

ஆம்ப்பைச் செய்தவரிடமே கொண்டுபோனோம். அவரைத் தாடி என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். ஒரே அறைதான் பட்டறை. ஜன்னலோரம் மேசை, டப்பா டப்பாவாகச் சின்னச் சின்ன உருப்படிகள், ஈயம் உருகிய வாசனை. நான் சண்டைபோடும் எண்ணத்தில்தான் போனேன். கைப்பிடி பிய்ந்துவந்த ஓட்டைகளை அவர் விரலால் தடவிப் பார்த்தார், முகம் சுருங்கிவிட்டது.

"கைப்பிடியை நான் யோசிக்கவே இல்லைங்க. இதுவரைக்கும் வாங்கினவங்க எல்லாம் டாக்டரு, வக்கீலு. அறையில வச்சுப் பார்த்துக்கிட்டு இருப்பாங்க. கச்சேரிக்குத் தூக்கிட்டுப் போன மொத ஆளு உங்க பையன்தான்."

அப்படிச் சொல்கிற மனிதரிடம் என்ன சண்டைபோடுவது? என்னுடைய நான்கு கைப்பிடிகளை ஆட்டிப் பார்த்தார், அசையவில்லை. "இது எங்க கிடைக்கும்?" என்று கேட்டார். சொன்னேன். வாய்விட்டுச் சிரித்தார். "அப்போ எனக்கும் ஒரு செட்டு எடுத்து வைங்க பெரியவரே." நானும் சிரித்தேன். உத்தரவாதச் சீட்டைக் கொடுத்தார். நானே எழுத்துக்கூட்டிப் படித்தேன், 'ஆயுள் முழுவதும்' என்று போட்டிருந்தது. அடுத்த வாரம் அவர் இறந்துபோனார். நெஞ்சுவலி. எதிரே நம் ஆம்ப் திறந்தபடி கிடந்ததாம், கையில் பிடித்திருந்த, ஈயம் உருக்கும் சால்டர் கோல் மேசையைக் கருக்கிக்கொண்டு இருந்ததாம்.

அவர் மனைவி ஆள் அனுப்பினாள், போனேன். "பொட்டி நீங்கதான் செய்யணும். உங்க கைப்பிடியைப் பத்தியே பேசிக்கிட்டு இருந்தாரு" என்றாள். விட்டுவிட்ட தொழிலை மறுபடி கையில் எடுத்தேன். இணைப்பு ஒன்றும் சோடைபோகவில்லை. அவருடைய பெட்டியைப் பார்த்து, நானும் மூலைகளில் மரத்தோடு மரம் கோத்தேன். மூடியில் பெயர் செதுக்கினேன். இத்தனை வருஷமும் சீட்டில் எழுதிக் கொடுத்ததைப் படம் வரைவதுபோலப் பார்த்துப் பார்த்துச் செதுக்கியவன் நான். எத்தனையோ பேருடைய பெயர் என் உளியின் கீழே போயிருக்கிறது, ஒன்றுகூட எனக்குத் தெரியாது. இவருடையதுதான் படித்துக்கொண்டே செதுக்கிய முதல் பெயர். முடித்ததும் வாய்விட்டு ஒருமுறை படித்தேன். அந்த அம்மா கதவோரம் நின்று கேட்டாள். எனக்கு அந்த நேரத்திலும் சந்தோஷமாக இருந்தது. அதற்காகக் கொஞ்சம் வெட்கப்பட்டேன்.

கூலிக்குப் பதிலாக அவள் உன் ஸ்கூட்டரைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். இப்போது அது வாசலில் நிற்கிறது. சீட்டைத் துடைத்து, கண்ணாடியை நீ வைத்திருந்த கோணத்திலேயே திருப்பி வைத்திருக்கிறேன். உன் கணவன் அதைச் சுற்றிச் சுற்றி வந்தான், பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்தான். "அவகிட்ட எழுதுங்கப்பா. இனிமே ஆம்ப்புன்னு வாயைத் திறக்க மாட்டேன். விரல் சரியானதும் நானும் ஒரு வேலைக்குப் போறேன்" என்றான். அவன் சொன்ன மாதிரியே எழுதியிருக்கிறேன். அழுதான் என்பதை எழுத வேண்டாம் என்றான், அதையும் எழுதிவிட்டேன். அதனால் மருமகளே, கோபத்தை விட்டுவிட்டு நீ வந்துவிடு. உன் மருந்துக்கடை வேலைக்குப் போக வண்டி இருக்கிறது. பெட்ரோல் பாதி இருக்கிறது. வீடு உன் குரல் இல்லாமல் ஆம்ப்பைவிட மோசமாக முனகுகிறது.

நீயும் உன் அக்கா குடும்பமும் நோய்நொடி இல்லாமல், எங்கள் தொழிலுக்கு வேலை வைக்காமல், நெடுநாள் நன்றாக இருக்க மனமார வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
எழுத்துப் படித்த உன் மாமா

பின்குறிப்பு: மேலே உள்ள வாழ்த்து மட்டும் உண்மை. மற்றதை மறந்துவிடு. கடிதத்தை மடித்துவிட்டுத் தபால்தலை வாங்கக் கடைக்குப் போய் வந்தேன். வாசலில் ஸ்கூட்டர் இல்லை. கூடத்தில் வேறொரு ஆம்ப் இருந்தது. "தாடி கடைசியா முடிச்சதுப்பா. இனிமே இது மாதிரி ஒண்ணு உலகத்துல கிடையாது. செஞ்சவரு இல்லைன்னா மதிப்பு ஏறிக்கிட்டே போகும்" என்றான் உன் கணவன். ஆள் போன பிறகு பெட்டிக்கு மதிப்பு வருவது என் தொழிலில் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். அந்த அம்மாவுக்கு இனி வேலைக்குப் போக வண்டி வேண்டுமாம், கேட்டதும் மாற்றிக்கொண்டாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். பெட்டியைத் தட்டிப் பார்த்தேன். குறையே இல்லை, அதுதான் வேதனை. கைப்பிடி இரண்டு வைத்திருக்கிறார், திருகாணி நீளம். நம்மால்தான் கற்றுக்கொண்டிருக்கிறார். உன் கணவன் ஒரே ஒரு கம்பியைத் தட்டினான். உன்னிடம் சொல்லக் கூடாது, நன்றாகத்தான் இருந்தது.

ஆகவே நீ இங்கே வர வேண்டாம். நான் அங்கே வருகிறேன். உன் அக்கா வீட்டில் ஒரு மூலை இருந்தால் போதும், கூட்டெழுத்துகள் எனக்கு இன்னும் பாக்கி இருக்கின்றன. கடிதத்தைக் கையிலேயே கொண்டுவருகிறேன், திருத்துவதற்குச் சிவப்புப் பேனா எடுத்து வை. பஸ் பலகையை யாரையும் கேட்காமல் நானே படித்து ஏறப்போகிறேன். படித்து முடிப்பதற்குள் சில பஸ்கள் போய்விடும். அதனால் நேரமானாலும் பயப்படாதே.